பாரிஸ் எந்திரிக்கறதுக்குள்ள: மொரீஷியஸ்ல டீம் நடத்தறவங்களுக்கு ஒரு நேரக் கணக்கு

மொரீஷியஸ்ல ஐடி ஆபீஸ் நிறைஞ்ச எபென் பக்கம் பிபிஓவுலயோ ஐடி கம்பெனியிலயோ டீம் லீடரா மேனேஜரா ஆன நம்ம ஆளுங்க, ஊர்ல இருந்து வந்தவங்களும் சரி இங்கயே பொறந்து வளந்தவங்களும் சரி, கொஞ்ச நாள்லயே ஒரே புலம்பல்தான் புலம்புவாங்க. நாள் பூரா ஓடிட்டே இருக்கேன், சாயங்காலம் பாத்தா என் வேலைன்னு ஒண்ணு கூட நகந்திருக்காது. உடனே நெட்ல தேடுவாங்க. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிங்க, டு-டூ லிஸ்ட் போடுங்க, 25 நிமிஷத்துக்கு டைமர் வெச்சு வேலை பாருங்கன்னு வரும். அந்த 25 நிமிஷ டைமர் 1980கள் கடைசில இத்தாலில ஒரு காலேஜ் ஸ்டூடண்ட் தன் படிப்புக்காக வெச்சுக்கிட்டது. தனியா உக்காந்து படிக்கறவங்களுக்கு அருமையான விஷயம், ஆனா பத்து பேர் உங்க முகத்த பாத்துட்டு உக்காந்திருக்கும்போது அது எடுபடாது.

ஏன்னா மேனேஜர் கையில வீணாகற நேரத்துல பெரும்பங்கு அவரோட நேரமே இல்ல. ஒரு மெயிலுக்கு நீங்க ஓகே சொல்ல மூணு மணி நேரம் ஆச்சுன்னா உங்களுக்கு போனது ஒரு நிமிஷம், அந்த ஓகேக்காக நின்னவருக்கு மூணு மணி நேரம், அவர் முடிச்சா தொடங்கலாம்னு இருந்த இன்னொருத்தருக்கும் மூணு மணி நேரம். இப்படி நின்னவங்கதான் அப்புறம் சும்மா இருக்க முடியாம உங்க டெஸ்க்குக்கு வந்து, வாட்ஸப்ல தட்டி, கால் பண்ணி, உங்க நாள துண்டு துண்டா வெட்டறாங்க. அதனால கீழ சொல்றது எல்லாம் ஒரே விஷயத்த சுத்திதான் இருக்கும், உங்களுக்காக யாரும் நிக்காம பாத்துக்கறது எப்படி. அது சரியாச்சுன்னா உங்க நேரம் பாதி தானா திரும்பி வரும். க்ளையண்ட் பாரிஸ்லயும் டீம்ல ஒரு பங்கு சென்னைலயும் இருக்கறவங்கள மனசுல வெச்சுதான் சொல்றேன்.

முதல்ல ஒரு வாரம் எழுதிப் பாருங்க

ஆப் எதுவும் வேணாம், ஒரு நோட்டு போதும். பக்கத்த நடுவுல கோடு போட்டு ரெண்டா பிரிங்க. இடது பக்கம் நீங்க யாருக்காக எதுக்காக காத்திருந்தீங்க, வலது பக்கம் யார் உங்களுக்காக காத்திருந்தாங்க, எவ்வளவு நேரம். நீங்க என்ன வேலை செஞ்சீங்கன்னு எழுத வேணாம், அது எல்லாருக்கும் தெரியும், மெயில் பாத்தோம் மீட்டிங் போனோம் அவ்வளவுதான். வலது பக்கம்தான் முக்கியம்.

ஒரு வாரத்துல அந்த பக்கம் நிறைஞ்சிடும், பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ரீஃபண்ட் அப்ரூவல், லீவ் அப்ரூவல், ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட்ங்கற பட்டியல்) மாத்தறது, க்ளையண்டுக்கு போற மெயில ஒரு தடவ பாத்து குடுக்கறது, ஒரு ரிப்போர்ட்டுக்கு சரி சொல்றது. பெரிய முடிவுன்னு ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். இன்னொண்ணையும் எண்ணிக்கோங்க, "நான் பாத்துட்டு சொல்றேன்"னு ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்றீங்கன்னு. ரொம்ப மரியாதையான வாக்கியம் அது, கேக்கறவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும், ஆனா ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் அவங்க கையில இருந்த வேலை உங்க கைக்கு மாறிடுது. டீம்ல பாசமா பழகற ஆளுங்கதான் இத அதிகம் சொல்லுவாங்க, அதனால நல்ல மேனேஜர்னு பேர் வாங்கினவரோட டீம்தான் பல சமயம் மெதுவா ஓடும்.

வரிசையோட கணக்கு

இங்க ஒரு சின்ன கணக்கு தெரிஞ்சிருக்கணும், பயப்பட வேணாம், கூட்டல் வகுத்தல்தான். பின்னாடி எம்ஐடில ப்ரொஃபசரா இருந்த ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்சு காட்டினது. ஒரு வரிசையில சராசரியா எத்தன பேர் நிக்கறாங்களோ அத, ஒரு நாளைக்கு எத்தன பேர் வேலை முடிஞ்சு வெளிய போறாங்களோ அதால வகுத்தா, ஒருத்தர் சராசரியா எத்தன நாள் உள்ள இருக்காருன்னு வந்துடும். பேங்க் க்யூவுக்கும் இதே கணக்கு, உங்க இன்பாக்ஸுக்கும் இதேதான்.

உங்க அப்ரூவல் லிஸ்ட்ல எப்பவும் 30 ஐட்டம் கிடக்கு, ஒரு நாளைக்கு 15 முடிக்கறீங்கன்னா, எது வந்தாலும் சராசரியா 2 நாள் தூங்கும். நீங்க எவ்வளவு வேகமா டைப் பண்ணாலும் சரி, எவ்வளவு நேரமா ஆபீஸ்ல உக்காந்தாலும் சரி. இத கொறைக்க ரெண்டே வழி. ஒண்ணு உள்ள வர்றத கொறைக்கணும், இல்ல கிடக்கறத கொறைக்கணும்.

டீமுக்கும் அதேதான். 12 பேர், ஒவ்வொருத்தர் பேர்லயும் 4 வேலை திறந்து கிடக்கு, மொத்தம் 48. ஒரு நாளைக்கு டீமா சேந்து 8 முடிக்கறாங்கன்னா ஒரு வேலை முடிய 6 நாள். இப்ப, ஆளுக்கு 2க்கு மேல திறக்கக் கூடாது, ஒண்ண முடிச்சுட்டுத்தான் அடுத்தத எடுக்கணும்னு ஒரு ரூல் போட்டா மொத்தம் 24. அதே 8 முடிச்சாலே 3 நாள்ல வெளிய வரும். யாரும் கூடுதலா உழைக்கல. க்ளையண்டுக்கு மட்டும் நம்ம டீம் திடீர்னு வேகமான மாதிரி தெரியும். முதல் வாரம் எல்லாரும் முணுமுணுப்பாங்க, "பாஸ், எனக்கு வேற வேலை இல்லாத மாதிரி தெரியுதே"ன்னு. விடுங்க, ரெண்டாவது வாரம் அவங்களே ரூல காப்பாத்துவாங்க.

இன்னொரு கணக்கும் இதோட சேத்து வெச்சுக்கோங்க, இது முக்கால்வாசி பேருக்கு தெரியாது. வேலை எப்ப வரும்னு சொல்ல முடியாத இடத்துல, ஒருத்தர் தன் நேரத்துல 80% பிஸியா இருந்தா, வர்ற வேலை சராசரியா ஒரு வேலை முடிக்கற நேரத்த போல 4 மடங்கு வரிசைல காத்திருக்கும். 95% பிஸின்னா 19 மடங்கு. பதினஞ்சு பர்சென்ட்தான் கூடுது, காத்திருக்கறது கிட்டத்தட்ட அஞ்சு மடங்காகுது. இது வரிசைக் கணக்கோட ரொம்ப எளிமையான பாடம், நெஜத்துல கொஞ்சம் கூடும் கொறையும், ஆனா போற திசை இதுதான். அதனால உங்க காலண்டர்ல காலைல இருந்து சாயங்காலம் வரை எல்லா கட்டமும் கலர் அடிச்சு நிறைஞ்சிருந்தா அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல. மேனேஜர் ஒரே வாசல் இருக்கற பஸ் மாதிரி, வாசல்ல ஆள் நின்னுட்டா உள்ள எத்தன சீட் காலியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. உங்க நாள்ல அஞ்சுல ஒரு பங்காவது காலியா இருக்கட்டும், மேல இருக்கறவங்க கேட்டா இந்த 4, 19 கணக்க காட்டுங்க.

உள்ள வர்றத கொறைக்கறது

நோட்டுல வலது பக்கம் எழுதினது எல்லாத்தையும் எடுத்து மூணு கட்டா பிரிங்க. செஞ்சுடு, எங்கிட்ட சொல்லவே வேணாம். செஞ்சுட்டு சொல்லு. கேட்டுட்டு செய். அவ்வளவுதான், நாலாவது கட்டு போட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பிரிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்க, இது தப்பா போனா திரும்ப சரி பண்ண முடியுமா. முடியும்னா அது முதல் ரெண்டு கட்டுலதான் இருக்கணும். ஒரு ஃபிரெஞ்சு ஆன்லைன் கடைக்கு சப்போர்ட் பண்ற டீம்னு வெச்சுக்கோங்க, 50 யூரோ வரைக்கும் ரீஃபண்ட், ஏஜெண்டே முடிவு பண்ணட்டும், சொல்லவும் வேணாம். 50ல இருந்து 200 வரைக்கும் டீம் லீடர் குடுத்துட்டு அன்னிக்கு சாயங்காலம் லிஸ்ட்ல எழுதட்டும். 200க்கு மேலன்னா உங்ககிட்ட வரட்டும். இந்த நம்பர க்ளையண்டோட முன்னாடியே பேசி எழுத்துல வாங்கிடுங்க, அப்பதான் உங்க ஆளுங்களுக்கு தைரியம் வரும். நம்பர் இல்லாம "சின்ன தொகைன்னா நீங்களே பாத்துக்கோங்க"ன்னு வாயால சொன்னா ஒருத்தரும் பாத்துக்க மாட்டாங்க, ஏன்னா சின்னதுன்னா எதுன்னு திட்டு வாங்கும்போதுதான் தெரியும்.

இதுல உடைஞ்சு போற இடம் ஒண்ணு இருக்கு. அதிகாரம் குடுத்த அப்புறமும் ஆளுங்க பழக்கத்துல வந்து கேப்பாங்க. சென்னை சைடுல இருக்கற ஒரு தம்பி காலைல கால் பண்றார்னு வைங்க, "அண்ணே, கஸ்டமர் 35 யூரோ திரும்ப கேக்கறார், குடுக்கலாமா?" குடுன்னு சொல்ல ஒரு செகண்ட் ஆகாது, சொன்னீங்கன்னா நாளைக்கும் கேப்பார். அதுக்கு பதிலா, "நீ என்ன பண்ணலாம்னு நெனைக்கற?" "குடுத்துடலாம்ணே, பார்சல் உடைஞ்சுதான் வந்திருக்கு, போட்டோ இருக்கு." "அப்ப குடுத்துடு, இது 50க்குள்ளதான, அடுத்த தடவ எனக்கு சொல்லவே வேணாம்." ரெண்டு மூணு தடவ இப்படி போச்சுன்னா கால் நின்னுடும். ஒரு தடவ அவர் தப்பா குடுத்துட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. 35 யூரோ போகும். அந்த தப்புக்கு எல்லாரும் பாக்க கத்தினீங்கன்னா அடுத்த நாள்ல இருந்து 5 யூரோவுக்கும் கால் வரும், அத வெச்சு கணக்கு போட்டுக்கோங்க எது விலை ஜாஸ்தின்னு.

மிச்சம் இருக்கற அப்ரூவலுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு நேரம் ஒதுக்குங்க, அத டீமுக்கு சொல்லிடுங்க. காலைல எட்டரைக்கு ஒண்ணு, மத்தியானம் மூணு மணிக்கு ஒண்ணு. எப்ப பதில் வரும்னு தெரிஞ்சுட்டா யாரும் நடுவுல தட்ட மாட்டாங்க. தெரியாம இருக்கறதுதான் ஆளுங்கள படுத்தும்.

பாரிஸ் கடிகாரத்த வெச்சு நாள வெட்டறது

இங்க வேலை பாக்கறவங்களுக்கு இருக்கற ஒரு பெரிய வசதிய பாதி பேர் பாக்கறதே இல்ல. மொரீஷியஸ்ல நேரம் வருஷம் பூரா ஒண்ணுதான், கடிகாரத்த மாத்தறது இல்ல. ஃபிரான்ஸ்ல மாத்துவாங்க. அக்டோபர் கடைசி ஞாயிறுல இருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை அவங்க நமக்கு 3 மணி நேரம் பின்னாடி, மத்த மாசங்கள்ல 2 மணி நேரம். லண்டன் க்ளையண்டுன்னா 4, 3. சென்னை எப்பவும் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி.

அதாவது அவங்க குளிர்காலத்துல பாரிஸ்ல காலை 9 ஆகும்போது இங்க மத்தியானம் 12. காலைல எட்டுக்கு ஆபீஸ் வந்தா நாலு மணி நேரம் க்ளையண்ட் சைடுல ஒரு மெயில் வராது. வெயில் காலத்துலயும் மூணு மணி நேரம் உறுதியா கிடைக்குது. ஐரோப்பால இருக்கற எந்த மேனேஜருக்கும் இந்த மாதிரி சுத்தமான காலை கிடையாது. நாம என்ன பண்றோம், அந்த நேரத்துலதான் இன்டர்னல் மீட்டிங் எல்லாத்தையும் அடுக்கறோம், "க்ளையண்ட் இல்ல, ஃப்ரீயாதான இருக்கோம்"னு. பன்னெண்டு மணிக்கு க்ளையண்ட் வந்ததும் அவங்க வேலை, அவங்க போனதும் ராத்திரி எட்டுக்கு நம்ம சொந்த வேலை. மீட்டிங் போட்ட மேனேஜர்தான் அந்த எட்டு மணிக்கும் காரணம்.

என் கணக்குல நாள் இப்படி இருக்கணும், குளிர்காலத்துக்கு சொல்றேன், வெயில் காலத்துக்கு க்ளையண்ட் பக்கத்த மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிக்கோங்க. எட்டு மணிக்கு சென்னையோட ஒரு சின்ன கால், அவங்களுக்கு அப்ப 9:30. எட்டரைக்கு அப்ரூவல். ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரை டீமுக்கு மீட்டிங் தடை, உங்களுக்கும் சேத்து. ரிப்போர்ட் எழுதறது, ட்ரெய்னிங் மெட்டீரியல், ரோஸ்டர், யோசிச்சு செய்ய வேண்டியது எல்லாம் அங்க. பதினொண்ணேகாலுக்கு நின்னுட்டே ஒரு கால் மணி நேரம், யாருக்கு எங்க மாட்டிருக்குன்னு மட்டும். அதுக்கு மேல டீம்ல பாதி சாப்பாட்டுக்கு, மீதி பாதி ஒன்றரைக்கு. பன்னெண்டு மணிக்கு எல்லாரும் சேந்து தால்பூரி (பருப்பு வெச்ச ரொட்டி) கடை க்யூவுல நின்னா அங்க பாரிஸ்ல முதல் கால் அடிக்கும்போது எடுக்க ஆள் இருக்காது. தால்பூரி பதினொன்றரைக்கும் சூடாதான் இருக்கும், க்யூவும் சின்னதா இருக்கும்.

பன்னெண்டுல இருந்து மூணு வரை க்ளையண்டுக்கு. அப்புறம் இன்னொரு பரிசு. ஃபிரெஞ்சுக்காரங்க சாப்பாட்டு நேரத்த விட்டுக் குடுக்க மாட்டாங்க, பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் அங்க ஆபீஸ் பக்கம் சத்தம் கொறையும், நமக்கு அது மூணுல இருந்து அஞ்சு. ஒருத்தர் ஒருத்தரா உக்காந்து பேசறது, ரெண்டாவது அப்ரூவல், வேலை ஒப்படைக்கறது எல்லாம் இதுக்குள்ள. நாலரைக்கு சென்னைல ஆறு மணி, அவங்க கிளம்பறதுக்குள்ள ஒப்படைச்சு வாங்கற குறிப்பு முடிஞ்சிருக்கணும்.

அந்த குறிப்பு நாலு வரிக்கு மேல போகக் கூடாது. முடிஞ்சது என்ன, முடியாதது என்ன, அது யார்கிட்ட மாட்டிருக்கு, காலைல முதல்ல தொட வேண்டியது எது. உதாரணத்துக்கு: "இன்வாய்ஸ் 40ல 33 முடிஞ்சது. 7 பாக்கி. அதுல 5 க்ளையண்ட் பர்ச்சேஸ் நம்பர் தரணும், ரெண்டு நாள் முன்னாடி கேட்டாச்சு, திரும்ப கேக்கல. காலைல முதல்ல அந்த 5ஐ கேளு, மத்தது அப்புறம்." இத படிச்சவர் கால் பண்ணி கேக்க ஒண்ணுமே இல்ல. "இன்வாய்ஸ் போயிட்டிருக்கு, ஆல்மோஸ்ட் டன்"னு எழுதினா அடுத்த நாள் காலைல ஒரு மணி நேரம் ரெண்டு ஊர்லயும் போச்சு.

லேட் ஷிஃப்ட் வேணும்னா தனியா ஒரு குழு போடுங்க, காலை ஆளுங்களயே இழுக்காதீங்க. மெட்ரோ இப்ப எபென் வழியா ரெதுயி வரைக்கும் போறது பெரிய உதவிதான், ஆனாலும் ராத்திரி பஸ் கொறைஞ்சு போற ஊர் இது, தெற்குல இருந்து கிழக்குல இருந்து வர்றவங்க வீடு சேர்றத யோசிச்சுதான் ரோஸ்டர் போடணும். மோட்டர்வே ஜாம்ல ஒன்றரை மணி நேரம் நின்னுட்டு வர்றவர எட்டு மணிக்கு கூர்மையா இருங்கன்னா எப்படி இருப்பார். ஏழு மணிக்கே வந்துட்டு சீக்கிரம் போறேன்னா விடுங்க.

மீட்டிங், தனிப் பேச்சு, வாட்ஸப்

மீட்டிங் பத்தி சொல்ல பெருசா இல்ல. ஒரு மணி நேரம் போட்டா ஒரு மணி நேரம் ஓடும். ஒதுக்கின நேரம் பூரா வேலை உப்பிக்கும்னு பார்க்கின்சன் 1955லயே எழுதிட்டார், நாம இன்னும் காலண்டர்ல தானா வர்ற ஒரு மணி நேரத்த மாத்தாம அனுப்பறோம். 25 நிமிஷம்னு போடுங்க. என்ன முடிவு எடுக்கப் போறோம்னு ஒரு வரி இல்லாத அழைப்புக்கு போகாதீங்க, உங்க பாஸ் அனுப்பினதா இருந்தா போங்க, வேற வழி இல்ல.

தனிப் பேச்சு வேற விஷயம், அதுல நேரத்த மிச்சம் பிடிக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஆளுக்கு அரை மணி நேரம், தள்ளிப் போடலாம், கேன்சல் பண்ணக் கூடாது. அங்க ஸ்டேட்டஸ் கேக்காதீங்க, ஸ்டேட்டஸ் டிக்கெட்ல, அதாவது ஒவ்வொரு வேலையயும் சிஸ்டத்துல பதிவு பண்ற இடத்துல, இருக்கு. "எதுக்காக காத்திட்டிருக்கீங்க, அதுல நான் எதையாவது தள்ளி விட முடியுமா"ன்னு கேளுங்க. இங்க டீம்ல க்ரியோல் பேசறவங்க, ஃபிரெஞ்சுல வசதியா இருக்கறவங்க, மடகாஸ்கர்ல இருந்து வந்தவங்க, நம்ம ஊர்க்காரங்கன்னு கலந்து இருப்பாங்க. குரூப் கால்ல வாயே திறக்காதவர் தனியா உக்காந்தா வரிசையா சொல்லுவார். நம்ம ஆளுங்களோட மட்டும் தமிழ்ல அரை மணி நேரம் சிரிச்சு பேசிட்டு மத்தவங்களுக்கு பத்து நிமிஷம் குடுத்தா டீம் அத கவனிக்காம இருக்காது. இத நேரக் கணக்குன்னு யாரும் சொல்றதில்ல, ஆனா நம்பிக்கை இல்லாத ஆள் உங்ககிட்ட பிரச்சனைய ஒரு வாரம் லேட்டாதான் சொல்லுவார்.

வாட்ஸப்புக்கு ஒரே ரூல். இப்பவே, இந்த நிமிஷமே யாராவது எந்திரிச்சு ஓடணும்னா மட்டும் அங்க. மத்தது டிக்கெட்ல. வாட்ஸப்ல எடுத்த முடிவ யாரோ ஒருத்தர் டிக்கெட்ல காப்பி பண்ணணும்னு சொல்லிப் பாருங்க, வாட்ஸப்ல முடிவு எடுக்கறதே நின்னுடும். ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு ஞாபகம் வந்தா எழுதி காலைக்கு ஷெட்யூல் பண்ணுங்க, நீங்க "நாளைக்கு பாத்தா போதும்"னு போட்டாலும் பாஸ் மெசேஜ யாரும் நாளைக்கு பாக்கறதில்ல.

ஜனவரியில இருந்து ஏப்ரல் வரை

இந்த ஊர்ல டீம் நடத்தறவங்க மாட்டிக்கறது பெரும்பாலும் இந்த நாலு மாசத்துலதான். ஜனவரி 1, 2 லீவு. தைப்பூசக் காவடி. பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிஞ்ச நாள். சீனப் புத்தாண்டு. மகா சிவராத்திரி. மார்ச் 12 சுதந்திர தினம். உகாதி. இப்ப ஈதும் மார்ச் பக்கம் நகந்து வந்திருக்கு, அதுவும் பிறை தெரிஞ்சாதான் நாள் உறுதியாகும், அதனால ரெண்டு நாளுக்கும் ரோஸ்டர் போட்டு வெச்சுக்கணும். ஃபிரான்ஸ்ல இந்த சீசன்ல ஜனவரி 1 விட்டா ஈஸ்டர் திங்கள் வரைக்கும் ஒரு பொது விடுமுறை கிடையாது, அவங்க வருஷ ஆரம்பத்து உற்சாகத்துல புது ப்ராஜெக்ட்டா அனுப்பிட்டே இருப்பாங்க.

லீவு ஒரு நாள்தான்னு கணக்கு போட்டா தப்பாகும். சிவராத்திரிக்கு ஆளுங்க கங்கா தலாவ் புனித ஏரிக்கு வீட்டுல இருந்தே நடந்து போவாங்க, கன்வர்னு காவடி மாதிரி ஒண்ண தூக்கிட்டு, அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு நாள் லோக்கல் லீவ் (வருஷ லீவ்) போடுவாங்க, ரோடும் அடைஞ்சிடும். தைப்பூசத்துக்கு காவடி எடுக்கறவங்க பத்து நாள் விரதம் இருப்பாங்க, அவங்கள அந்த வாரம் லேட் ஷிஃப்ட்ல போடறது நியாயம் இல்ல, பூஜைக்கு சாயங்காலம் கோயிலுக்கு போகணும்.

ஒரு வாரத்த எடுத்து கணக்கு போட்டு காட்டறேன். 10 பேர் டீம். 2019 தொழிலாளர் உரிமைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம், சாப்பாட்டு நேரம் தனி. ஆக மொத்தம் 450. அந்த வாரம் ஒரு பொது விடுமுறை, ஆளுக்கு 9 மணி நேரம் போச்சு, 360. ரெண்டு பேர் மிச்ச நாலு நாளும் லீவு, 72 போச்சு, 288. வந்த 8 பேருக்கும் மீட்டிங், ட்ரெய்னிங்னு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், 32 போச்சு, 256. அதுல 80%க்குத்தான் வேலை ஒத்துக்கணும்னு மேல சொன்னோம் இல்லையா, 205. பேப்பர்ல 450, கையில 205. க்ளையண்டோட பேசும்போது பத்து பேர் இருக்கோம்னு சொன்னீங்கன்னா அவர் 450ஐத்தான் கேப்பார். டிசம்பர் தொடக்கத்துலயே இந்த நாலு மாசத்துக்கு வாரா வாரம் இந்த நம்பர போட்டு அனுப்பிடுங்க. பிப்ரவரியில "சாரி, எங்க ஊர்ல லீவு"ன்னு சொல்றதுக்கும் டிசம்பர்லயே சொல்றதுக்கும் மரியாதையில நிறைய வித்தியாசம் இருக்கு.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா உங்க டீம் சொல்ற நம்பரயும் அப்படியே அனுப்பாதீங்க. மனுஷங்க தன் வேலைக்கு நேரம் சொல்லும்போது எப்பவும் கொறைச்சுதான் சொல்லுவாங்கன்னு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லயே எழுதினாங்க, அதுக்கு அவங்க சொன்ன மருந்தும் சுலபம், இதே மாதிரி வேலைங்க முன்னாடி நெஜமா எவ்வளவு ஆச்சுன்னு பாக்கறது. அதனால "எவ்வளவு ஆகும்"னு கேக்காதீங்க, "போன மூணு தடவ எவ்வளவு ஆச்சு"ன்னு கேளுங்க. டிக்கெட்ல தேதி இருக்கும், யாரும் யோசிச்சு சொல்ல வேண்டியதில்ல.

ட்ரெய்னிங், ப்ராசஸ் மாத்தறது, புது டூல் பழகறது, இத எல்லாம் மே மாசத்துக்கும் ஆகஸ்டுக்கும் தள்ளுங்க. மே மாசம் ஃபிரான்ஸ்ல லீவா கொட்டும், ஆகஸ்ட்ல அங்க பாதி ஆபீஸ் கடற்கரையில இருக்கும், நமக்கு ரெண்டு மாசமும் ஓரளவு முழுசா கிடைக்கும்.

சைக்ளோன் நாளுக்கு தனி ப்ளான்

சீசன் நவம்பர்ல தொடங்கி மே நடு வரைக்கும் இருக்கு, ஆனா பயமுறுத்தறது ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான், அதாவது மேல சொன்ன அதே மாசங்கள். எச்சரிக்கை 1ல இருந்து 4 வரை. பல ஆபீஸ்ல 3 வந்த அப்புறம்தான் யோசிக்கவே தொடங்கறாங்க, அதுக்குள்ள எல்லாரும் ஒரே நேரத்துல ரோட்டுக்கு வந்திருப்பாங்க. 2024 ஜனவரி 15, பெலால் சைக்ளோன் வந்த அன்னிக்கு போர்ட் லூயிஸ்ல வெள்ளத்துல காரெல்லாம் மிதந்து போனத எல்லாரும் பாத்தோம், அது வேலை நாள், திங்கள்கிழமை.

அதனால முடிவுகள முன்னாடியே எழுதி வெச்சுடுங்க. 1 வந்ததும் லாப்டாப், சார்ஜர், நெட் டாங்கிள் வீட்டுக்கு போகணும், யார் வீட்டுல கரண்ட் சீக்கிரம் போகும்னு லிஸ்ட் இருக்கணும். 2 வந்ததும் சென்னைக்கு வேலைய மாத்தி விடற நாலு வரிக் குறிப்பு போயிடணும், க்ளையண்டுக்கு ரெடியா இருக்கற மெயில் போகணும், தூரத்துல இருந்து வர்றவங்கள அனுப்பிடலாம். 3 வந்தா வேலை நின்னாச்சு, அவ்வளவுதான். 3, 4 இருக்கும்போது ஒருத்தர வேலைக்கு வெச்சீங்கன்னா சட்டப்படி தனி அலவன்ஸும் சாப்பாடும் குடுக்கணும், அத விடுங்க, அன்னிக்கு கரண்ட் இல்லாத வீட்டுல தண்ணி பிடிச்சு வெச்சுட்டு பிள்ளைங்களோட உக்காந்திருக்கறவர்கிட்ட டிக்கெட் ஸ்டேட்டஸ் கேக்காதீங்க.

இது எல்லாம் எழுதி, யார் பொறுப்புன்னு பேர் போட்டு, நீங்க இல்லாட்டியும் டீம் லீடர் நிறைவேத்தற மாதிரி இருக்கணும். போன் டவர் விழுந்து உங்கள பிடிக்க முடியலன்னா, உங்க ஓகேக்காக ஒருத்தரும் நிக்கக் கூடாது.

கடைசியா ரெண்டு சில்லறை விஷயம். ஓவர்டைம ப்ளானா வைக்காதீங்க, 45க்கு மேல போற மணி நேரம் சாதாரண நாள்லயே ஒன்றரை மடங்கு சம்பளம், பொது விடுமுறைன்னா ரெட்டிப்பு, மாசா மாசம் அது வருதுன்னா உங்க 205 கணக்கு எங்கயோ தப்பு. அப்புறம் மார்ச் கடைசி ஞாயிறுக்கும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் முந்தின வெள்ளிக்கிழமை, திரும்பத் திரும்ப வர்ற மீட்டிங் அழைப்பு எல்லாத்தையும் ஒரு தடவ திறந்து பாருங்க, பாரிஸ் நேரத்துல போட்டதா நம்ம நேரத்துல போட்டதான்னு. சாப்பாட்டு ஷிஃப்ட்டயும் அன்னிக்கே ஒரு மணி நேரம் நகத்திடுங்க.